இறக்கத்தில் நின்றுபோகும் வேன்

காலை ஆறு ஐம்பது. ஹந்தானையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையின் இரண்டாவது வளைவில் நான் முதலில் கண்டது ஒரு கருங்கல். பாடசாலை வேனின் முன்சக்கரத்துக்கு முன்னால் அதை இறுக்கி வைத்திருந்தார்கள். கல்லுக்குப் பின்னால் வேன். வேனுக்கு அப்பால், மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்ற பிள்ளைகள். என் மகள் நடுவில் நின்றாள். பாதையின் மறுபக்கத்தில் தடுப்பு ஏதும் இல்லை. தேயிலைச் சரிவு ஓரிடத்தில் கண்ணுக்கு மறைந்தது. அதற்கு வெகு கீழே நகரத்துக் கூரைகள் தெரிந்தன.

நான் கண்டியில் ஒரு பத்திரிகையின் கிளை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், பாதையோரமாக வீடு. மகளை வேனில் ஏற்றிவிட்டு, கொஞ்சம் பிந்தி முச்சக்கர வண்டியில் இறங்குவது வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்தேன்.

வேனின் சொந்தக்காரியே அதன் சாரதியும். முப்பதைத் தாண்டிய பெண். அந்தத் தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் துணிக்கடையில் நின்று, பிறகு தவணைக் கடனில் வேன் எடுத்தவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் வேன் அக்கா. பெற்றோரில் பலருக்கும் அதே பெயர்தான். என்னைக் கண்டதும் அவர் கையிலிருந்த திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

"திரும்பவும் நின்னுருச்சுக்கா. இதே எடம்."

"எப்பிடி நின்னுச்சு?"

"இருமல் இல்ல, தும்மல் இல்ல. பட்டுன்னு நின்னுச்சு. ஸ்டீரிங் கல்லாயிருச்சு. பிரேக்க மொத மிதி மிதிச்சா எறங்குது. ரெண்டாவது மிதி, செங்கல்ல மிதிக்கிற மாதிரி. ஹேன்ட் பிரேக்க இழுத்துப் புடிச்சு நிப்பாட்டுனேன்."

அது மூன்றாவது முறை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். முன்னைய இரண்டு முறையும் இந்த இறக்கத்தில்தான், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதுதான் நின்றது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார். வேன் உடனே இயங்கியது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டதும் ஒரு பிள்ளை வேனை நோக்கி நடக்கப் பார்த்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம் கண்ணு. இன்னைக்கு இதுல வேணாம்."

சிறியவர்களை நான் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பெரியவர்களை அவர் பஸ் வரும் இடம்வரை நடத்திக் கூட்டிப்போனார். வேன் வளைவிலேயே, கல்லோடு நின்றது.

அன்று மாலை பெற்றோர் பெரட்டுக்களத்தில் கூடினார்கள். காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்து அனுப்பும் மைதானம் அது. வேன் பிள்ளைகளை ஏற்றத் தொடங்குவதும் அங்கேதான். வேன் அக்காவும் வந்திருந்தார். அவரை யாரும் திட்டவில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருக்கும் ஒருவர்தான் முதலில் பேசினார். அவருடைய இரண்டு பையன்களும் அந்த வேனில் போகிறார்கள்.

"நீ நல்லா ஓட்டுற தங்கச்சி. இல்லேன்னு யாரும் சொல்லல. எங்க ஸ்டாண்டுல பஸ் எல்லாம் நிக்க வேண்டிய எடத்துல நிக்குது, கெளம்ப மாட்டேங்குது. ஒன் வேன் ஓட வேண்டிய எடத்துல நிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

சிலர் சிரித்தார்கள். வேன் அக்கா சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்கண்ணே."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நீங்க சொல்றதுதான்."

அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நகரத்திலிருந்து வேறொரு வேன்காரர் மேலே வரச் சம்மதித்திருந்தார். பிள்ளைகள் அவரிடம் போனால் வேன் அக்காவுக்கு ஓட்டம் இல்லை. தோட்டத்துப் பாதையில் அந்த வேனுக்கு வேறு வேலையும் இல்லை. பிள்ளைகள் போனால் வேனும் கையைவிட்டுப் போகும் என்பதை அவர் சொல்லாமலே எல்லோரும் அறிந்திருந்தோம்.

"நீங்க பேப்பர்காரங்க," என்றார் டைம்கீப்பர் என்னிடம். "மெக்கானிக்குகிட்ட இவங்களோட நீங்களும் போங்க. அவன் சுத்தி வளச்சுச் சொன்னா ஒங்களுக்குப் புடிபடும்."

அந்த மெக்கானிக்கின் கராஜ் அக்குறணையில், மாத்தளைப் பாதைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரும் அவரை நாநா என்று அழைப்பார்கள். அடுத்த நாள் நாங்கள் போனபோது அவர் வேறொரு வாகனத்தின் கீழே படுத்திருந்தார். வேனின் சத்தம் கேட்டதும் கீழேயிருந்தே கேட்டார்.

"என்ன தங்கச்சி, திரும்பவும் நிண்டுட்டா?"

"நின்னுருச்சு நாநா."

"என்ட மானத்த வாங்கத்தான் அது ஓடுது."

வெளியே வந்து கையைத் துடைத்தார். அதுவரை என்னென்ன செய்தார் என்று கேட்டேன். முதல் தடவை பெட்ரோல் வடிகட்டியை மாற்றியிருந்தார். இரண்டாவது தடவை பெட்ரோல் பம்ப். கிராங் சென்சரை இரண்டு தடவையும் மாற்றியிருந்தார், இரண்டும் புதியவை. ஒவ்வொரு முறையும் "இதுதான்" என்று உறுதியாகச் சொல்லி அனுப்பியதை வேன் அக்கா பக்கத்தில் நின்று நினைவுபடுத்தினார்.

"ஆமா, சென்னன்தான். சென்னது பிழையாப் போச்சு. இப்ப அதுக்கு என்ன?"

கொழும்பில் இருக்கும் ஏஜென்டிடமும் கேட்டாராம். இந்த மாதிரி வேனில் அப்படி ஒரு குறையே இல்லை என்று பதில் வந்ததாம். ஸ்கேன் மெஷினைச் செருகிப் பார்த்தால், அதுவும் ஏஜென்ட் சொன்னதையே சொன்னது.

நாநா முன் இருக்கையைத் தூக்கி நிமிர்த்தினார். அந்த மாதிரி வேன்களில் எஞ்ஜின் சாரதியின் இருக்கைக்குக் கீழே இருக்கும். டோர்ச் வெளிச்சத்தில் விரல் நீட்டிக் காட்டினார். எஞ்ஜினின் வால்பக்கத்தில், பெருவிரல் அளவில் கறுப்பாக ஒரு சாமான். எஞ்ஜின் சுழல்கிறது என்பதை வேனின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது பேசாமல் விட்டால், எஞ்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். உடனே பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். அந்தச் சாமானுக்கு நாலு விரல் தள்ளி, புகை வெளியேறும் குழாய் வளைந்து போனது.

"இந்தா ஈக்கி பாருங்க மிஸ். நெருப்புக் கொழாய்க்குப் பக்கத்தில காதக் கொண்டு வச்சீக்கிறான். இத வரஞ்சவன் மேட்டில ஒரு நாளும் போய் ஈக்க மாட்டான்."

"அப்ப சூட்டுலதான் அது செத்துப்போகுதா?"

"அப்பிடித்தான் நான் நெனக்கிற. ஆறின பொறகு திரும்ப உசிர் வருது. ஆனா என்ட கண்ணுக்கு முன்னால ஒரு தரமும் சாகல்லயே! போன வாரம் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போய்ப் போய் வந்தன். நல்ல புள்ள மாதிரி ஓடுது. சென்சர்தான்னு நான் ரெண்டு தரம் நெனச்சு ரெண்டு தரமும் பிழை விட்டுட்டன். திரும்பவும் நெனப்ப வச்சிக்கிட்டு வேல செய்ய ஏலாது. அது நிக்கிறத நான் பாக்கணும்."

வேன் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேல வந்து பாருங்க."

"வாரன். ஆனா வெறும் வேன் சரிவராது. புள்ளைகள்ட பாரம் வேணும். புள்ளைகள ஏத்தவும் ஏலாது."

"அப்ப யார ஏத்துறது?"

"யாரயா? வேன் சரியில்லன்னு செல்ற ஆக்கள்தான். வாப்பாமார், உம்மாமார். வந்து குந்தச் செல்லுங்க."

அவர் கேலிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் உடனே ஓர் இரும்பு டாங்கியைத் தேடி எடுத்தார். பழைய லொறியொன்றிலிருந்து கழற்றியது, பால்மாத் தகரப் பேணியை விடக் கொஞ்சம் பெரிது. எஞ்ஜின் ஓடும்போது இழுக்கும் காற்றுத்தான் அந்த வேனின் பிரேக்குக்குத் துணைப்பலம். எஞ்ஜின் நின்றால் அந்தப் பலம் ஒரு மிதியோடு தீர்ந்துவிடும். அந்தப் பலத்தைச் சேர்த்து வைக்க, நாநா டாங்கியை பிரேக் குழாயோடு இணைத்தார். திரும்பிப் போகாமல் காற்றைத் தடுக்கும் ஒரு வால்வையும் நடுவே வைத்தார். எஞ்ஜினை நிறுத்திவிட்டு வேன் அக்காவை மிதிக்கச் சொன்னார். நான்கு மிதிவரை பிரேக் மென்மையாக இருந்தது. ஐந்தாவதில் இறுகியது.

"நாலு மிதி ஈக்கி. அஞ்சாவது அல்லாட காவல்," என்றார்.

பெற்றோரிடம் போய் அந்தச் செய்தியைச் சொன்னது நான்தான். சிலர் மறுத்தார்கள். "நாங்க என்ன உர மூட்டையா?" என்று ஒருவர் கேட்டார். கடைசியில் டைம்கீப்பர், "நம்ம புள்ளைங்க போனதுதானே, நாம போனா என்னா?" என்றதும் பேச்சு அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வேன் நிறைந்தது.

பெரியவர்கள் உட்காரச் செய்த இருக்கைகள் அல்ல அவை. முழங்கால்கள் நாடிவரை வந்தன. மடியில் வைக்க ஒன்றும் இல்லாததால் எல்லோரும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். நான் சாரதிக்குப் பின்னால் இருந்தேன். நாநா முன்னால், மடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு. கதவை மூடும்போது டைம்கீப்பர் தன் வேலை நேரத்துக் குரலை எடுத்தார்.

"ஏறு, ஏறு. ஹந்தானை, ஹந்தானை. உள்ள போங்க, பின்னுக்குப் போங்க."

"பின்னுக்கு எங்கண்ணே போறது? கண்ணாடிய ஒடச்சுக்கிட்டா?" என்றார் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண். கண்டியில் ஒரு தையல் கடையில் வேலை செய்பவர். வேனைப்பற்றி மற்ற எவரையும்விட அதிகமாக முறையிட்டவர் அவர்தான்.

கீழேயிருந்து ஏறினோம். பெரட்டுக்களத்தில் திரும்பி, உடனே இறங்கினோம். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வேன் அக்காவின் இடது கை ஹேன்ட் பிரேக்கை விட்டு விலகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. கீழே போய்த் திரும்பி மறுபடி ஏறினோம், மறுபடி இறங்கினோம். அப்போதும் நடக்கவில்லை. பேச்சு கூடியது. யாரோ வடை கேட்டார்கள். நாநாவின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

"நாநா, ஒங்களக் கண்டாப் பயப்புடுது போல," என்றார் டைம்கீப்பர்.

"பேசாம வாங்க அண்ணன்."

மூன்றாவது முறை பெரட்டுக்களத்துக்கு வந்தபோது தையல் கடைப் பெண் எழுந்தார்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க. அடுப்புல சோறு கெடக்கு. ஒரு எட்டுப் போய் எறக்கி வச்சிட்டு வந்துர்றேன்."

"இப்பவா?"

"கொழஞ்சிருச்சுன்னா நீங்க சாப்புடுவீங்களா?"

அவர் இறங்கி லயத்துப் படிகளில் ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் கண்ணாடியில் அடித்தது. காத்திருக்கக் காத்திருக்க, சிரிப்பு குறைந்து, ஆட்கள் வியர்வையைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

"மகளும் இப்பிடித்தான், தாயும் இப்பிடித்தான்," என்றார் டைம்கீப்பர்.

வேன் அக்கா அன்று முதன்முறையாகச் சிரித்தார். "அதச் சொல்லுங்க. தெனமும் காலையில இதே எடத்துல அந்தப் புள்ளைக்காக நிக்கிறேன். சடை பின்னிக்கிட்டே ஓடி வரும். பத்து நிமிஷம் ஆகும் சில நாள்."

நாநா திரும்பினார்.

"தெனமுமா?"

"தெனமும்."

"எஞ்ஜின ஓஃப் பண்ணிட்டா நிக்கிறீங்க?"

"இல்ல நாநா. ஓஃப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆகாதோன்னு பயம். போட்டுக்கிட்டேதான் நிப்பேன்."

"மேட்டில ஏறி வந்த கையோட?"

"ஏறி வந்த கையோட."

"இத ஏன் எனக்குச் செல்லல்ல?"

"நீங்க ஓடும்போது என்ன நடக்குதுன்னு கேட்டீங்க. நிக்கும்போது நடக்குறதக் கேக்கலயே."

நாநா குனிந்து, இருக்கையின் விளிம்புக்குக் கீழே கையை நுழைத்தார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது குழாய் கொதிக்கிறது, ஆனால் ஓட்டத்தில் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது காற்று இல்லை. இருக்கைக்குக் கீழே பெட்டிபோல மூடிய இடத்தில், அந்தச் சூடு முழுவதும் நாலு விரல் தள்ளியிருந்த சென்சரில் போய் இறங்குகிறது. இவ்வளவையும் அவர் எனக்குப் பிறகுதான் விளக்கினார். அப்போது சொன்னது ஒன்றுதான்.

"யாரும் எறங்காதீங்க. எஞ்ஜின ஓஃப் பண்ணாதீங்க. அந்தத் தங்கச்சி மெதுவா வரட்டும்."

அவர் வந்தார். உட்கார்ந்தார். "சோத்த எறக்கிட்டேன், போகலாம்," என்றார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்னா?" என்று கேட்டார்.

"மெல்லமா விடுங்க தங்கச்சி," என்றார் நாநா. "நடக்கிற மாதிரி."

வேன் அக்கா கியரைக் கீழே இழுத்தார். ஓட்டோ கியர் வண்டி அது, எஞ்ஜின் நின்றால் சக்கரத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. முதல் வளைவைக் கடந்தோம். டைம்கீப்பரின் கை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தது. கம்பியில் பிள்ளைகள் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரை அவர் பெருவிரல் சுரண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

சத்தம் நின்றது.

வேறெதுவும் நடக்கவில்லை. சத்தம் நின்றது, அவ்வளவுதான். அதன்பிறகு சக்கரங்கள் சரளைக் கல்லில் உருளும் ஒலி மட்டும் கேட்டது. வேன் வேகம் பிடித்தது. வேன் அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கை மலைப்பக்கமாக இழுத்தார். அவர் தோள்கள் எழுந்து காதைத் தொட்டன. மிதித்தார். வேன் குறைந்தது. விட்டு மறுபடி மிதித்தார். பின்னால் ஒருவர் முருகா என்று கத்தினார். மூன்றாவது மிதியில் முன்சக்கரம் மலைப்பக்க வடிகானில் இறங்கியது. என் நெற்றி முன் இருக்கையில் மோதியது. ஹேன்ட் பிரேக் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றோம்.

பிறகு கதவு திறந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்தார்கள்.

அந்தக் கலவரத்துக்கு நடுவே நாநா மட்டும் மறுபக்கத்தால் குதித்து இறங்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"புடிச்சிட்டன்!" என்று கத்தினார். "எல்லாரும் பாத்தீங்கதானே? புடிச்சிட்டன்!"

இருக்கையைத் தூக்கி, போத்தலிலிருந்த தண்ணீரைச் சென்சரின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆவி எழுந்தது. வேன் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் திறப்பைத் திருப்பினார். வேன் இயங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் நாநா, பாதையில் நின்றவர்களைப் பார்த்து. "வேற ஒண்டும் இல்ல. இந்தச் சின்னச் சாமான். இனி இது எனக்கு வெளாட்டு."

தையல் கடைப் பெண் சுவரில் சாய்ந்து நின்றார். செருப்பொன்று காலில் இல்லை.

"பாத்தோம் நாநா," என்றார். "நல்லாவே பாத்தோம். இதுலயா என் புள்ள இத்தன நாளும் போனுச்சு?"

"அதத்தானே தங்கச்சி செல்றன், இனி நிக்காது."

"நீங்க இதுக்கு முந்தியும் அப்பிடித்தானே சொன்னீங்களாம்."

அவர் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். வேன் இயங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. யாரும் அதில் திரும்ப ஏறவில்லை. டைம்கீப்பர் மட்டும் கானிலிருந்து சக்கரத்தைத் தூக்கக் கைகொடுத்தார். பிறகு வேன் அக்காவிடம், "நீ நல்லாத்தான் ஓட்டுன தங்கச்சி," என்றார். அவரும் போனார்.

இறக்கத்துக்குக் கீழே, வேன் அக்காவின் லயத்து வாசலில் அன்று மாலையே வேலை நடந்தது. புதிய சென்சர் போடுவதில் பயன் இல்லை, அதுவும் அதே இடத்தில்தான் உட்காரும். இடத்தை மாற்றவும் முடியாது. ஆகவே நாநா சூட்டை மாற்றப் பார்த்தார். பிஸ்கட் டின்னொன்றை வெட்டி, குழாய்க்கும் சென்சருக்கும் நடுவே இரட்டைத் தகடாக வைத்தார். இரண்டு தகடும் தொடாமல் இருக்க இடையில் வாஷர்கள் வைத்தார். அது ஓடும்போது போதும், நிற்கும்போது போதாது என்றார். பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் சின்ன விசிறியொன்றை அவர் பையிலிருந்து எடுத்தார். அது வேன் பற்றரியிலேயே ஓடும். விசிறியை முன்பக்கத்தில், சூடு படாத இடத்தில் பூட்டினார். அங்கிருந்து ஒரு குழாயால் குளிர்ந்த காற்றைச் சென்சரின் தலைக்குக் கொண்டுபோனார். வேன் அக்கா டோர்ச்சைப் பிடித்திருந்தார்.

"திரும்பப் பாக்கணும்," என்றார் நாநா, எழுந்து நின்று. "பாரம் வேணும்."

"யாரு வருவாங்க நாநா?"

பாதை திருத்த வேலைக்குக் கொட்டியிருந்த மணல் பக்கத்தில் கிடந்தது. தோட்டத்துக் கங்காணியிடம் கேட்டு, வெற்று உரச் சாக்குகளில் மணலை நிரப்பினோம். பிள்ளைகளின் இருக்கைகளில் ஒவ்வொன்றாக வைத்தோம். சரியாமல் இருக்க வேன் அக்கா அவற்றைச் சாய்த்து, தட்டிச் சரிசெய்தார். பிள்ளைகளை அவர் உட்கார வைப்பதும் அப்படித்தான். நான் முன்னர் இருந்த இடத்திலேயே ஏறிக்கொண்டேன்.

"நீங்க வேணாம்கா," என்றார்.

"சாக்கு ஒன்னு கொறையுதே."

மேலே ஏறினோம். பெரட்டுக்களத்தில் எஞ்ஜினை நிறுத்தாமல் நின்றோம். எந்தப் பிள்ளைக்காகவும் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. லயத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். இருக்கைக்குக் கீழிருந்து விசிறியின் மெல்லிய இரைச்சல் வந்தது. நாநா கையை நுழைத்துப் பார்த்தார். இந்த முறை இழுத்துக்கொள்ளவில்லை.

இறங்கினோம். இரண்டாவது வளைவில் எனக்கு மூச்சு நின்றது. எஞ்ஜின் நிற்கவில்லை. திரும்பி ஏறி, காத்திருந்து, மறுபடி இறங்கினோம். இருட்டுகிறவரை அதையே செய்தோம். ஒரு முறையும் நிற்கவில்லை.

"எழுதித் தாரன் வேணும்னா," என்றார் நாநா. "இனி நிக்காது."

"எழுதி யாருக்குக் காட்ட?" என்று கேட்டார் வேன் அக்கா. "மணல் மூட்டைக்குப் பயம் இல்ல நாநா."

அன்றிரவு வீட்டில் நானும் கணவரும் பேசினோம். என் நெற்றியில் வீக்கம் இருந்தது. அவர் அதைப் பார்த்தபடிதான் பேசினார்.

"மோதுனது ஒன் தலதானே? அதுக்குப் பொறகும் அனுப்பப் போறியா?"

"திருத்துன பொறகும் நான்தான் உள்ள இருந்தேன்."

"ஒரு நாள் பாத்தத வச்சுச் சொல்ற."

"ஆமா."

நாங்கள் நெடுநேரம் பேசினோம். முடிவு ஒன்றுக்கு வந்தோம். மகள் தூங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் இரண்டு வேன்கள் நின்றன. நகரத்திலிருந்து வந்தது புதிதாகக் கழுவப்பட்டிருந்தது. நிறம்தான் வேறு. கம்பனி அதேதான், மாதிரியும் அதேதான். வேன் அக்கா அதைக் கண்டதும் தன் வேனிலிருந்து இறங்கி, அந்தச் சாரதியின் ஜன்னலருகே போனார்.

"அண்ணே, இங்க நிக்கும்போது எஞ்ஜின ஓஃப் பண்ணிருங்க. சீட்டுக்குக் கீழ சூடேறும். எறக்கத்துல நின்னுரும்."

அவர் நடுவயதுக்காரர், சிரித்த முகம். "அது உங்கட வண்டிக்கும்மா," என்றார். "என்ட வண்டி ஒரு நாளும் நின்டதில்ல."

"இதுக்கு முந்தி இந்த மேட்டுல ஏறியிருக்கீங்களா?"

"மேடு எல்லாம் மேடுதானே."

நான் டைம்கீப்பரிடம் போனேன். இரண்டும் ஒரே மாதிரி வேன், நகரத்திலிருந்து வந்ததில் விசிறியும் இல்லை, டாங்கியும் இல்லை என்று சொன்னேன். அவர் நான் சொல்வதை முழுவதும் கேட்டார். பிறகு தன் பையன்களைப் பார்த்தார்.

"வெளங்குதும்மா. ஆனா இது நின்னத நான் பாக்கல. அது நின்னப்ப நான் உள்ள இருந்தேன்."

அவருடைய பையன்கள் புது வேனில் ஏறினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதில்தான் ஏறினார்கள். தையல் கடைப் பெண்ணின் மகள் சடையைப் பின்னிக்கொண்டே படிகளில் ஓடி வந்தாள். அதுவரை புது வேன் எஞ்ஜினை ஓடவிட்டபடி அவளுக்காக நின்றது. வேன் அக்காவிடம் ஏறியது மூன்று பிள்ளைகள். என் மகள் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தாள்.

புது வேன் முன்னே போனது. வேன் அக்கா கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் இறங்கினார். இரண்டாவது வளைவில் இரண்டும் கண்ணுக்கு மறைந்தன. நான் அங்கேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். பிறகு முச்சக்கர வண்டியில் ஏறிப் பின்னால் போனேன்.

அன்று இரண்டு வேன்களும் நிற்காமல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தன.